மிரர் வால்யூம்: இரண்டாவது சர்வர் எப்போது பொறுப்பேற்கலாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனி. தரைத்தளத்தில் ஒரு சர்வர், முதல் மாடியில் இன்னொன்று. ஸ்டாக், பில்லிங் எல்லாம் இருக்கும் வால்யூமை (டேட்டா சேமிக்கும் டிஸ்க் பகுதியை) டி.ஆர்.பி.டி. என்ற லினக்ஸ் மென்பொருள் மூலம் இரண்டிலும் மிரர் செய்திருக்கிறீர்கள், அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே நகலாகும். ஒன்று விழுந்தால் மற்றொன்று கீப்அலைவ்டி (மற்ற சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்த்து ஐ.பி. முகவரியை நகர்த்தும் கருவி) ஸ்கிரிப்ட் வழியாகத் தானாகப் பிரைமரி, அதாவது எழுதும் உரிமை உள்ள பக்கம், ஆகிவிடும். போன செவ்வாய்க்கிழமை மின்தடையின்போது இரண்டு மாடிகளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் அணைந்துபோனது. சர்வர்கள் யு.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டே இருந்தன. நான்கு மணி நேரம் கழித்து இணைப்பு திரும்பியபோது இரண்டும் பிரைமரி. இரண்டும் 'ஸ்டேண்ட்அலோன்' (மறுபக்கத்தோடு இணையாமல் தனியாக நிற்பது) என்று காட்டுகின்றன. இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது, எந்த செட்டிங்கை மாற்றினால் இது மறுபடி நடக்காது, பொறுப்பு ஒரு சர்வரிலிருந்து மற்றதற்கு மாற ஆகும் 40 வினாடியை 5 ஆகக் குறைக்க முடியுமா என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில், இன்னொரு சர்வரை வேறு ஊரில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். இரண்டாவது சர்வர் எவ்வளவு சீக்கிரம் பொறுப்பேற்க வேண்டும் என்று யோசிக்கிறீர்கள். முதல் சர்வர் உண்மையிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டது என்று இரண்டாவதற்கு எப்படித் தெரியும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. பதினெட்டு வருடமாக இந்த நகரத்தில் ஸ்டோரேஜ் வேலை பார்க்கிறேன். நான் பார்த்த பெரிய டேட்டா இழப்புகளில் பெரும்பாலானவை இரண்டாவது சர்வர் தாமதமாக எழுந்ததால் வந்தவை அல்ல. எழக்கூடாத நேரத்தில் எழுந்ததால் வந்தவை.

முதலில் அவசரமான விஷயம். இந்த நிமிடம் எந்த சர்வரிலும் மறு இணைப்புக் கட்டளை எதையும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, இணையத்தில் எங்கு தேடினாலும் முதலில் வரும் அந்த 'டிஸ்கார்ட் மை டேட்டா' (என் பக்கத்து மாற்றங்களைக் கைவிடு) ஆப்ஷனைக் கொடுக்காதீர்கள். ஸ்டேண்ட்அலோன் என்பதைப் பழுது என்று நினைத்துப் பதறியிருக்கிறீர்கள். அது பழுது அல்ல. இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறியிருப்பதை மென்பொருள் கண்டுபிடித்து, எதையும் அழிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதைக்கு உங்கள் டேட்டா முழுவதும் இருக்கிறது, இரண்டு துண்டாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு துண்டையும் மென்பொருள் சேர்த்துத் தருமா என்றால், தராது, இது உறுதி. டி.ஆர்.பி.டி. பார்ப்பது பிளாக்குகளை மட்டும். 4 கேபி துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் வைத்து, எது மாறியது, எது மாறவில்லை என்று குறித்துக்கொள்கிறது. அந்தத் துண்டுக்குள் இருப்பது பில்லா, ஃபைல் பெயரா, டேட்டாபேஸ் இண்டெக்ஸா என்பது அதற்குத் தெரியாது. ஒரே பேரேட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கணக்குப்பிள்ளைகளிடம் கொடுத்து, இருவரும் 40-ஆம் பக்கத்தில் வேறு வேறு வரவு எழுதியிருந்தால், மேல் பாதியை இதிலிருந்தும் கீழ் பாதியை அதிலிருந்தும் வெட்டி ஒட்ட முடியாது. கூட்டுத்தொகையே தப்பாகிவிடும். கணக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து எழுத வேண்டியதுதான்.

அதனால் ஒரு பக்கம் பிழைக்க வேண்டும், இன்னொரு பக்கம் அதற்கு இணங்க வேண்டும். உங்கள் விஷயத்தில், இணைப்பு திரும்பிய பிறகு எல்லோரும் தரைத்தள சர்வரில்தான் வேலை செய்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை வைத்துக்கொள்வது சரி. முதல் மாடியில் அந்த நான்கு மணி நேரத்தில் போட்ட பதிவுகள் மட்டும் மேல் சர்வரில் தனியாக இருக்கின்றன. மேல் சர்வரில் ஸ்கிரிப்டையும் டேட்டாபேஸையும் நிறுத்துங்கள். அந்த மேல் சர்வரின் டிஸ்க் எல்.வி.எம். (டிஸ்க்கைப் பகுதிகளாக நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) மூலம் அமைந்திருந்தால் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையை அப்படியே காக்கும் பிரதி) எடுங்கள். இல்லையென்றால் முழு வால்யூமையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அந்த நகலைத் தனியாக ஒரு கணினியில் ஏற்றி, செவ்வாய்க்கிழமை அந்த நேரத்துப் பதிவுகள் வாசிக்கக் கிடைக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். பார்த்த பிறகுதான் மேல் சர்வரைச் செகண்டரி (நகலை மட்டும் வாங்கும் பக்கம்) ஆக்கி, அதன் மாற்றங்களைக் கைவிடச் சொல்லி இணைக்க வேண்டும். கீழ் சர்வரில் சாதாரணமாக இணைக்கச் சொன்னால் போதும். முழு டிஸ்க்கும் மறுபடி நகல் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம், மாறிய பிளாக்குகள் மட்டும்தான் போகும். பதிவுகளை நகலிலிருந்து எடுத்துக் கையால் சேர்ப்பது அப்புறம்.

கையால் சேர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். பல வருடம் முன்பு, தி.நகரில் ஒரு துணிக்கடை, ஆடித் தள்ளுபடி சமயம். உங்களைப் போலவே இரண்டு தளத்தில் இரண்டு சர்வர், நடுவில் ஒரே ஒரு கேபிள். கூட்டத்தில் யாரோ ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தபோது கேபிளும் கழன்றது. இரண்டு மணி நேரம் இரண்டு சர்வரும் ஒரே எண் வரிசையில் பில் போட்டன. வெவ்வேறு வாடிக்கையாளர்களிடம் ஒரே பில் எண். அதை அமைத்துக் கொடுத்தது நான்தான். சேலை மாற்ற வந்த ஒரு அம்மா தன் பில்லை நீட்டியபோது கம்ப்யூட்டரில் வேறு யாரோ வாங்கிய வேட்டியின் கணக்கு வந்து நின்றது. அப்போதுதான் கடையிலேயே விஷயம் தெரிந்தது. பில்லின் இரண்டாவது பிரதியைக் கேஷியர்கள் கம்பியில் குத்தி வைத்திருந்ததால் மூன்று இரவுகள் உட்கார்ந்து சரி செய்தோம். அந்தக் கம்பி இல்லையென்றால் முடிந்திருக்காது. உங்களிடமும் அன்றைய டெலிவரி சலான் பிரதிகள் இருந்தால் இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, இது ஏன் நடக்கிறது? நம் எல்லோருக்கும் பழகிய ஒரு குரல் இருக்கிறது: நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார். அந்தக் குரலை வைத்து, ஆள் லிஃப்டில் இருக்கிறாரா, சார்ஜ் தீர்ந்துவிட்டதா, ஏதாவது விபத்தா என்று சொல்ல முடியாது. உங்கள் மேல் சர்வருக்குச் செவ்வாய்க்கிழமை கேட்டது அந்தக் குரல்தான். கீழ் சர்வர் செத்துப்போனாலும், நடுவில் கன்வெர்ட்டர் அணைந்தாலும், மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டே சர்வர், அவற்றுக்கு நடுவில் ஒரே வழி என்று இருக்கும்வரை எந்த டைம்அவுட் எண்ணைப் போட்டாலும் இது மாறாது. 5 வினாடி காத்தாலும் 50 வினாடி காத்தாலும் கேட்கப்போவது அதே குரல். உங்கள் ஸ்கிரிப்ட் அந்தக் குரலைக் கேட்டவுடன் ஆள் இறந்துவிட்டார் என்று சொத்தை எழுதி வாங்கிக்கொண்டது.

இது சின்ன கம்பெனிகளுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. 2018 அக்டோபர் 21 அன்று, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், பழுதான ஒரு 100ஜி ஆப்டிகல் கருவியை மாற்றும் வழக்கமான வேலையின்போது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அவர்களுடைய நெட்வொர்க் மையத்துக்கும் பிரதான டேட்டா சென்டருக்கும் நடுவில் தொடர்பு 43 வினாடி அறுந்தது. தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையில் இருந்த டேட்டாபேஸைப் பிரைமரி ஆக்கிவிட்டது. ஆனால் கிழக்கில் அந்தச் சில வினாடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனி எழுத்து. 43 வினாடிக்காக அவர்கள் 24 மணி 11 நிமிடம் குறைந்த சேவையோடு ஓடினார்கள், டேட்டாவை இழக்கக்கூடாது என்று தெரிந்தே அந்த நேரத்தைக் கொடுத்தார்கள். நடந்ததை விரிவாக வெளியிட்டும் இருக்கிறார்கள். மாற்றும் நேரத்தைக் குறைக்க ஆசைப்படும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் உதாரணம் இது.

இனி, மறுபடி நடக்காமல் இருக்க. மிக மலிவானதிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு சர்வருக்கும் நடுவில், எந்த ஸ்விட்சும் கன்வெர்ட்டரும் இல்லாமல் நேரடியாக ஒரு கேபிள் போடுங்கள். ஒரு மாடிதான் வித்தியாசம், 100 மீட்டருக்குள் இருந்தால் சாதாரண கேட்-6 போதும். மிரர் அந்தக் கேபிளில் ஓடட்டும். டி.ஆர்.பி.டி. இணைப்பு உயிரோடு இருக்கும்வரை, ஒரு பக்கம் பிரைமரியாக இருந்தால் இன்னொரு பக்கம் பிரைமரி ஆக விடாது. ஸ்கிரிப்ட் எவ்வளவு கத்தினாலும் மறுத்துவிடும். இரண்டு பிரைமரிக்கு அனுமதி தரும் செட்டிங்கை யாரும் போட்டுவைக்கவில்லை என்பதை மட்டும் பாருங்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி வேண்டாம். இந்த ஒரு கேபிள் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை முதல் மாடிக்கு நான்கு மணி நேரம் வேலை நின்றிருக்கும், ஆனால் கணக்கு இரண்டாகியிருக்காது. மீடியா கன்வெர்ட்டரையும் யு.பி.எஸ்ஸில் செருகுங்கள், அது சாதாரண பிளக்கில் இருந்தது என்பது என் ஊகம்தான், ஆனால் நான் போன பல அலுவலகங்களில் அப்படித்தான் இருக்கும்.

கேபிள் போதுமா? போதாது, அதுவும் ஒரு நாள் அறுந்துபோகலாம். கீப்அலைவ்டி ஐ.பி. முகவரியை நகர்த்துவதற்கு நல்ல கருவி. டேட்டா யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய அது செய்யப்பட்டதில்லை. அந்த முடிவுக்குப் பேஸ்மேக்கரும் (எந்த சர்வரில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருள்) கோரோசிங்கும் (சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மென்பொருள்) சேர்ந்த கிளஸ்டர் வேண்டும். கோரோசிங்க் 3-இல் எட்டு வழிகள் வரை ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். நேரடிக் கேபிள் ஒன்று, அலுவலக நெட்வொர்க் ஒன்று என்று குறைந்தது இரண்டு வழி கொடுங்கள். அப்புறம் ஃபென்சிங். மற்ற சர்வரின் நிலை தெரியவில்லை என்றால் ஊகிக்காமல், அதன் மின்சாரத்தைத் துண்டித்து, துண்டித்ததாகப் பதில் வந்த பிறகே பொறுப்பேற்பது. இதைக் கேட்டவுடன் பல நிர்வாகிகள் முகம் சுளிப்பார்கள், ஓடுகிற சர்வரை அணைப்பதா என்று. ஆனால் இரண்டே சர்வர் இருக்கும்போது தெரியாது என்ற நிலையைத் தெரியும் என்று ஆக்க வேறு வழி இல்லை. பேஸ்மேக்கரில் ஸ்டோனித் என்ற பெயரில் இது இயல்பாகவே இயங்கும் நிலையில் வரும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி, முதல் வேலையாக அதை அணைக்கச் சொல்லும். தயவுசெய்து அந்தப் பாடங்களைப் பின்பற்றாதீர்கள். டி.ஆர்.பி.டி. பக்கத்திலும் ஃபென்சிங் செட்டிங்கை 'ரிசோர்ஸ் அண்ட் ஸ்டோனித்' என்று வையுங்கள். மறுபக்கம் காணாமல் போனால் அதன் நிலை உறுதியாகும்வரை எழுதுவதையே நிறுத்திவைக்கும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். பெரும்பாலும் ஃபென்சிங்குக்கு சர்வரிலேயே இருக்கும் ஐ.பி.எம்.ஐ. கார்டைப் (தூரத்திலிருந்து சர்வரை அணைக்கவும் இயக்கவும் உதவுவது) பயன்படுத்துவோம். அந்தக் கார்டு அதே சர்வரின் பவர் சப்ளையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. சர்வருக்கு மின்சாரமே போய்விட்டால் கார்டும் செத்துவிடும், அணைத்தேன் என்று பதில் சொல்ல ஆள் இருக்காது, இரண்டாவது சர்வர் காலமெல்லாம் காத்துக்கொண்டிருக்கும். மாற்றம் மிகவும் தேவைப்படும் நாளில் மாற்றம் நடக்காது. அதனால் இரண்டாவது வழியாக, நெட்வொர்க் மூலம் அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப் ஒன்று வையுங்கள். இன்னொன்று: இணைப்பு மட்டும் அறுந்தால் இரண்டு சர்வரும் ஒரே நொடியில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு இரண்டும் அணைந்துவிடலாம். வழக்கமாகப் பிரைமரியாக இருக்கும் சர்வரைச் சுடுவதற்குச் சில வினாடி தாமதம் கொடுத்தால், அது முந்திக்கொண்டு பிழைக்கும்.

இதைவிட நல்ல ஏற்பாடு மூன்றாவது ஓட்டு. டி.ஆர்.பி.டி. 9-இல் டிஸ்க் இல்லாத ஒரு சிறிய கணினியையும் மூன்றாவது உறுப்பினராகச் சேர்த்து, குவோரத்தை (எழுத எத்தனை பேர் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதியை) பெரும்பான்மை என்று வைக்கலாம். தன்னையும் சேர்த்து மூன்றில் இரண்டு பேர் இருக்கும் பக்கமே எழுதலாம். தனியாக நிற்பவர் எழுதுவதை நிறுத்த வேண்டும். ஒரு பழைய டெஸ்க்டாப் போதும், அதில் டேட்டா எதுவும் இருக்காது. ஆனால் அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு சர்வரில் ஒன்றோடு அதே ஸ்விட்ச், அதே பிளக் பாயிண்ட் என்று வைத்தால் அந்த சர்வருக்கு இரண்டு ஓட்டு கொடுத்ததாக ஆகும். அந்தத் தளம் விழுந்தால் மற்றது தனியாக நின்று அதுவும் நின்றுவிடும். மூன்றாவது தளமோ, அடுத்த கட்டடமோ இருந்தால் அங்கே வையுங்கள்.

இரண்டு பக்கமும் பிரிந்துவிட்டால் தானாகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்கைகளும் டி.ஆர்.பி.டி.யில் இருக்கின்றன. பின்னால் பிரைமரி ஆனவர் தோற்பார், குறைவாக எழுதியவர் தோற்பார் என்று பல வகை. ஒரு பக்கம் எதுவுமே எழுதவில்லை என்றால் அதைக் கைவிடும் கொள்கை பாதுகாப்பானது, போடலாம். மற்றவை யாருக்கும் சொல்லாமல் டேட்டாவை அழிக்கும். உங்கள் சர்வரில் அவற்றில் ஒன்று இருந்திருந்தால் முதல் மாடியின் நான்கு மணி நேரம் இந்நேரம் காணாமல் போயிருக்கலாம். பணம், சரக்கு சம்பந்தப்பட்ட வால்யூமில் நான் இவற்றைப் போட மாட்டேன். ஒத்துக்கொள்ளாத அனுபவசாலிகளும் இருக்கிறார்கள்; அழிந்தாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய டேட்டா என்றால் அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

40 வினாடி விஷயம். அந்த 40 எங்கே போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். மறுபக்கம் இல்லை என்று கண்டுபிடிப்பது சில வினாடி. ஃபென்சிங் வந்தால் அதற்கு இன்னும் சில. பிரைமரி ஆவது ஒரு நொடி. ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலை (அரைகுறையாக நின்ற மாற்றங்களைச் சரிசெய்ய வைத்திருக்கும் குறிப்பேட்டை) படிக்க வேண்டும், டேட்டாபேஸ் தன் லாகைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நேரத்தில் பெரும்பங்கு டேட்டாபேஸிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், உங்கள் லாகைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியென்றால் டேட்டாபேஸின் செக்பாயிண்ட் (லாகில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்) இடைவெளியைக் குறைத்தால் பலன் கிடைக்கும். கண்டுபிடிக்கும் நேரத்தைக் குறைப்பது தவறான இடத்தில் கை வைப்பது. அதனால் மிச்சமாவது இரண்டு மூன்று வினாடி. நெட்வொர்க் ஒரு கணம் தடுமாறினாலும் தேவையில்லாத மாற்றங்கள் வரும். பில்லிங்குக்கு 40 வினாடி என்பது வாடிக்கையாளருக்கு ஒரு டீ கொடுக்கும் நேரம்.

இன்னொரு சர்வரை வேறு ஊரில் வைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி இழையில் ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி எடுக்கிறது. அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்கு 40, 50 கிலோமீட்டர். போய்வர அரை மில்லி வினாடிக்கு அருகில், தாங்கலாம். பெங்களூருக்குச் சாலை தூரமே சுமார் 350 கிலோமீட்டர். ஒளி மட்டும் போய்வர 3.5 மில்லி வினாடி, கருவிகளின் தாமதம் தனி. டி.ஆர்.பி.டி.யின் நகலெடுக்கும் முறைகளில் ஒன்றான புரோட்டோகால் சி-யில் ஒவ்வொரு எழுத்தும் அக்கரையில் டிஸ்க்கில் விழுந்து பதில் வந்த பிறகே முடிந்ததாகக் கணக்கு, அதனால் பில்லிங் மந்தமாகிவிடும். அக்கரையின் பதிலுக்குக் காத்திராத புரோட்டோகால் ஏ வேகமாக இருக்கும். ஆனால் விபத்து நேரத்தில் கடைசிச் சில எழுத்துகள் அக்கரை சேர்ந்திருக்காது. தூரத்துப் பிரதிக்குத் தானியங்கி மாற்றம் வேண்டாம், ஒரு மனிதர் முடிவெடுக்கட்டும்.

தூரத்துப் பிரதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 1 மழையில் தரைத்தளத்து ஜென்செட்டும் யு.பி.எஸ் பேட்டரியும் ஒன்றாக மூழ்கிய கட்டடங்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒரே கட்டடத்தில் இருந்த இரண்டு பிரதிகளும் ஒன்றுக்கொன்று உதவவில்லை. மறுநாள் தி இந்து நாளேடு, 1878-இல் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததுதான் காரணம். அடுத்த வருடம் டிசம்பர் 12 அன்று வர்தா புயல். கேபிள், கம்பம், மரம் எல்லாம் சாய்ந்து பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அலுவலகத்துக்கு யாரும் வர முடியாத நாளில் தூரத்துப் பிரதிக்கு மாற்றும் பொத்தானை வீட்டிலிருந்து யார் அழுத்துவது, அவருக்கு வேண்டிய கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று ஐப்பசிக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

பொறுப்பு மாறிய பிறகு பழைய சர்வர் திரும்பி வந்தால், தானாக அதற்கே மாற்றிவிடும் ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள். அரைகுறையாகப் பழுதான சர்வர் எழுந்து எழுந்து விழும், ஒவ்வொரு முறையும் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வந்த சர்வர் மறுபடி ஒத்திசைந்துகொண்டிருக்கும் நேரமும் ஆபத்தானது. அந்தச் சமயத்தில் அதன் டிஸ்க் பழையதும் புதியதும் கலந்து, எதற்கும் உதவாத நிலையில் இருக்கும். அந்த அரை மணியில் நல்ல சர்வர் விழுந்தால் கையில் எதுவும் இல்லை. ஒத்திசைவு தொடங்கும் முன் எல்.வி.எம். ஸ்னாப்ஷாட் எடுக்கும் ஸ்கிரிப்ட் டி.ஆர்.பி.டி.யோடு வருகிறது, அதை இயக்கிவையுங்கள். பேக்கப் தனி விஷயம்: யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் மிரர் அதையும் உண்மையாக நகலெடுக்கும்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சோதித்துப் பாருங்கள். சாஃப்ட்வேரில் நெட்வொர்க்கை அணைத்துச் சோதிப்பது போதாது. கேபிளை உருவுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) வேண்டுமென்றே உறையவிடுங்கள். பின்னணியில் ஒரு ஸ்கிரிப்ட் வரிசை எண் போட்டு டேட்டாபேஸில் எழுதிக்கொண்டே இருக்கட்டும். மாறிய பிறகு, எழுதியாயிற்று என்று பதில் வந்த எண்களில் ஒன்றாவது காணவில்லையா என்று பாருங்கள். ஒன்று காணவில்லை என்றாலும் அமைப்பு தயாராகவில்லை.

உங்கள் கான்ஃபிக் ஃபைலையும் லாகையும் பார்க்காமல்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பகல் முழுவதற்குமான இரண்டு சர்வரின் கெர்னல் லாகையும், டி.ஆர்.பி.டி. கான்ஃபிக்கையும், இப்போதைய ஸ்டேட்டஸையும் கடவுச்சொற்களை நீக்கிவிட்டு இங்கேயே போடுங்கள். மேல் சர்வர் எந்த நிமிடம் பிரைமரி ஆனது, அதற்குப் பிறகு எவ்வளவு எழுதியது என்று அதிலிருந்து சொல்ல முடியும். அதுவரை மேல் சர்வரில் கீப்அலைவ்டியை நிறுத்தியே வையுங்கள், ஸ்னாப்ஷாட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.